கேட்காத ஜமாஅத்தும் திருந்தாத பயானும்





ஆண்டுக்கு 52 ஜும்ஆக்கள். பத்து வயதில் தந்தையின் விரல் பிடித்துப் பள்ளிவாசலுக்கு வரத் தொடங்கிய ஒருவர் அறுபது வயதை எட்டும்போது ஏறத்தாழ 2,600 பயான்களைக் கேட்டிருப்பார். அவற்றைக் கேட்ட பின் பயான் செய்தவரிடம் அவர் எத்தனை கேள்விகள் கேட்டிருப்பார்? "இது எனக்கு விளங்கவில்லை", "இதற்கு ஆதாரம் எது?", "என் வீட்டு நிலைமைக்கு இது எப்படிப் பொருந்தும்?" என்று எத்தனை முறை இமாமின் அருகே சென்று அமர்ந்திருப்பார்? நம்மில் பலருக்கு அதை எண்ண ஒரு கை விரல்களே மிகுதி.

தொழுகை முடிந்ததும் ஒரு முஸாபஹா. "மாஷா அல்லாஹ் ஹழ்ரத், அருமையான பயான்" என்று ஒரு வார்த்தை. பிறகு செருப்பைத் தேடி நடை. பயானில் நமக்கு உடன்பாடில்லாத ஒன்று இருந்தால் அது தேநீர்க் கடையில் விமர்சனமாகும். இரவில் வாட்ஸப்பில் கேலியாகும். சொன்னவரிடம் மட்டும் அது போய்ச் சேராது. இதனை அடக்கம் என்றும் ஒழுக்கம் என்றும் ஆலிம்களுக்கு நாம் செலுத்தும் மரியாதை என்றும் பெயரிட்டு அழைக்கிறோம்.

இந்த மௌனத்திற்கும் மரியாதைக்கும் தொடர்பில்லை என்பதே நம் வாதம். மார்க்கத்தைச் சொல்வது ஆலிமின் பொறுப்பு. புரியாததைக் கேட்பதும், தவறக் கண்டால் சுட்டுவதும், பயன் பெற்றால் அதைத் தெரிவிப்பதும் கேட்பவரின் பொறுப்பு. இரண்டாவது பொறுப்பைச் சமுதாயம் கைவிட்டால் முதலாவதும் நாளடைவில் பழுதாகிவிடும்.

துல்யதைன் கேட்ட கேள்வி

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒருநாள் நண்பகலுக்குப் பிந்திய தொழுகைகளுள் ஒன்றில் இரண்டு ரக்அத்திலேயே ஸலாம் கொடுத்துவிட்டார்கள். பிறகு பள்ளிவாசலில் இருந்த ஒரு மரக்கட்டையில் சாய்ந்து நின்றார்கள். சபையில் அபூபக்ர் (ரழி) அவர்களும் உமர் (ரழி) அவர்களும் இருந்தனர். நபியவர்கள் மீதிருந்த மதிப்பச்சத்தால் அவ்விருவரும் பேசவில்லை. அவசரக்காரர்கள் சிலரோ, தொழுகை குறைக்கப்பட்டுவிட்டது என்று தாமாகவே முடிவு கட்டிக்கொண்டு பள்ளியை விட்டு வெளியேறிவிட்டனர். அப்போது, கைகள் நீண்டிருந்ததால் 'துல்யதைன்' என்று அழைக்கப்பட்ட ஒரு தோழர் எழுந்து, தொழுகை குறைக்கப்பட்டுவிட்டதா, அல்லது தாங்கள் மறந்துவிட்டீர்களா என்று கேட்டார். நபியவர்கள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அவர் சொல்வது சரிதானா என்று மக்களிடம் விசாரித்தார்கள். ஆம் என்றதும் விடுபட்ட ரக்அத்களைத் தொழுவித்து, மறதிக்கான ஸஜ்தாக்களையும் செய்தார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இந்நிகழ்வு பதிவாகியுள்ளது.

இதில் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியவை மூன்று. முதலாவது, வஹீ இறங்கிக்கொண்டிருந்த தூதரிடமே கேட்கப்பட்ட கேள்வி இது. அதுவும் அவமரியாதையாகக் கொள்ளப்படவில்லை. இரண்டாவது, துல்யதைன் (ரழி) கேட்ட முறை. அவர் குற்றஞ்சாட்டவில்லை, சட்டம் மாறியிருக்கலாம் என்ற வாய்ப்பையும் முன்வைத்தே கேட்டார். மூன்றாவது, கேட்காமல் வெளியேறிய அந்த அவசரக்காரர்கள். தொழுகை குறைந்துவிட்டது என்ற தவறான மார்க்கச் சட்டத்தை அவர்கள் வீதிக்குக் கொண்டுபோனார்கள். கேட்டவரால் ஜமாஅத்தின் தொழுகை நிறைவுற்றது. கேட்காதவர்களால் ஒரு பிழை ஊருக்குள் புறப்பட்டது. இன்று ஜும்ஆ முடிந்ததும் விடைபெறும் நாம் இவ்விரு சாராரில் யாருடன் இருக்கிறோம்?

மற்றொரு முறை தொழுகையில் மறதி ஏற்பட்டபோது, தாமும் மனிதரே என்றும், மற்றவர்கள் மறப்பதுபோல் தாமும் மறப்பதுண்டு என்றும், அப்போது தமக்கு நினைவூட்ட வேண்டும் என்றும் நபியவர்களே அறிவித்தார்கள். பாவமற்ற நபிக்கே நினைவூட்ட வேண்டுமெனில், பாவமும் மறதியும் நிறைந்த நம் காலத்து இமாம்களுக்கும் ஆசிரியர்களுக்கும் நினைவூட்டல் தேவையில்லை என்று எவரால் கூற இயலும்?

அன்னையர் காட்டிய வழி

அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் தமக்கு விளங்காத எதைச் செவியுற்றாலும் விளங்கும்வரை திரும்பத் திரும்பக் கேட்பார்கள் என்று இமாம் புகாரி (ரஹ்) பதிவு செய்கிறார்கள். மறுமையில் கணக்கு விசாரிக்கப்படுபவர் வேதனைக்குள்ளாவார் என்று நபியவர்கள் சொன்னபோது, இலகுவான விசாரணையும் உண்டு என்று குர்ஆன் கூறுகிறதே (84:8) என அன்னையார் கேட்டார்கள். இலகுவான விசாரணை என்பது செயல்கள் எடுத்துக் காட்டப்படுவது. துருவித் துருவி விசாரிக்கப்படுபவரே அழிவார் என்ற விளக்கம் அதனால் நமக்குக் கிடைத்தது. அந்தக் கேள்வி எழாதிருந்தால் அந்த நபிமொழியின் ஒரு பாதியோடு, அச்சத்தோடு மட்டும், இந்த உம்மத் நின்றிருக்கும்.

தம் கணவர் விஷயத்தில் நபியவர்களிடம் வாதாடிய ஒரு பெண்ணின் முறையீட்டை அல்லாஹ் செவியேற்றான். அந்த அத்தியாயத்திற்கே வாதாடிய பெண்ணின் பெயர் நிலைத்துவிட்டது (58:1). ஆண்களே தங்களைச் சூழ்ந்துகொள்கிறார்கள், எங்களுக்கென ஒரு நாளை ஒதுக்குங்கள் என்று பெண்கள் கோரியபோது நபியவர்கள் ஒதுக்கிக் கொடுத்தார்கள். நம் மஹல்லாக்களில் ஒரு பெண்ணுக்கு மார்க்க ஐயம் எழுந்தால் அவள் செல்லும் வாசல் எது? கணவரிடம் சொல்ல வேண்டும். அவர் இமாமிடம் கேட்க வேண்டும். அவர் வெட்கப்பட்டால் அந்தக் கேள்வி அடுக்களையிலேயே அடங்கிவிடும்.

கேட்காததால் விளைவது என்ன?

இது வெறும் ஒழுக்க விவாதம் என்று எவரும் கருதிவிட வேண்டாம். கேட்காததால் உரிமைகள் பறிபோகின்றன, ஃபர்ளுகள் தவறுகின்றன, நபியின் பெயரால் பொய் உலவுகிறது.

வாரிசுரிமையை எடுத்துக்கொள்வோம். ஆணுக்கு இரண்டு பங்கு, பெண்ணுக்கு ஒரு பங்கு என்று பயானில் சொல்லப்படுகிறது. கேட்டவர் தலையசைத்துவிட்டு வீடு திரும்புகிறார். தந்தை இறந்த பின், "அக்காவுக்கும் தங்கைக்கும் கல்யாணத்திலேயே நகை போட்டாயிற்று, அதுவே அவர்கள் பங்கு" என்று கணக்கை முடிக்கிறார். தாயின் பங்கு நினைவிற்கே வருவதில்லை. அன்று பள்ளிவாசலில் ஒருவர் எழுந்து, "ஹழ்ரத், மனைவியையும் ஒரு மகனையும் இரண்டு மகள்களையும் விட்டுச் சென்றவரின் சொத்து 32 லட்சம் என்றால் யாருக்கு எவ்வளவு?" என்று கேட்டிருந்தால் விடை எளிது. பெற்றோர் முன்பே இறந்துவிட்டனர். கடன், வஸிய்யத் போக எஞ்சியது இது என்று கொள்வோம். மனைவிக்கு எட்டில் ஒன்று, 4 லட்சம். எஞ்சிய 28 லட்சத்தில் மகனுக்கு 14, மகள்கள் ஒவ்வொருவருக்கும் 7. வாழ்நாளில் தந்தை அன்பளிப்பாகக் கொடுத்து மகள் கைப்பற்றிக்கொண்ட நகை அவளுடைய உடைமை. அதை இந்த 7 லட்சத்தில் கழிக்க அண்ணனுக்கு அதிகாரமில்லை. ஒரு கேள்விக்கு இரண்டு நிமிட விடை. அது கேட்கப்படாததால் எத்தனை சகோதரிகள் தம் பங்கை இழந்தபடி, உடன்பிறந்தானின் உறவு முறிந்துவிடுமோ என்றஞ்சி வாய்மூடி வாழ்கிறார்கள்!

ஸகாத்தை எடுத்துக்கொள்வோம். 87.48 கிராம் தங்கம், அதாவது ஏறத்தாழ 11 பவுன், நிஸாப் என்று நம் பகுதியில் சொல்லப்படுகிறது. ஆனால் பெண்கள் அணியும் ஆகுமான நகைக்கு ஹனஃபி மத்ஹபில் ஸகாத் உண்டு; ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்தில் இல்லை. தமிழகத்தில் இரு மத்ஹபினரும் அருகருகே வாழ்கிறோம். பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறோம். ஷாஃபிஈ குடும்பத்தில் பிறந்து ஹனஃபி வீட்டுக்கு மருமகளாக வந்த பெண், 15 பவுன் நகையோடு பயானைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் தாய் ஒருநாளும் நகைக்கு ஸகாத் கொடுத்ததில்லை. மாமியாரோ ரமளான்தோறும் இரண்டரை விழுக்காடு கணக்கிடுகிறார். அவள் யாரிடம் கேட்பாள்? இரு பக்கமும் ஆதாரம் உண்டு என்ற எளிய செய்தி கிடைக்காததால், "உங்கள் வீட்டில் மார்க்கமே இல்லை" என்ற பழிச்சொல்லே அவளுக்குக் கிடைக்கிறது.

இனி நபியின் பெயரால் உலவும் செய்திகள். சீன தேசம் வரை சென்றாவது கல்வி தேடுமாறு நபி (ஸல்) ஏவினார்கள் என்பது நம் ஊர்களில் பள்ளிக்கூட ஆண்டுவிழா முதல் நிக்காஹ் மஜ்லிஸ் வரை முழங்கும் செய்தி. ஹிஜ்ரி 597இல் மறைந்த இமாம் இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) இட்டுக்கட்டப்பட்ட செய்திகளைத் தொகுத்த தம் நூலில் இதையும் சேர்த்துள்ளார்கள். இட்டுக்கட்டப்பட்டது என்று சொல்லாத அறிஞர்களும் இதன் அறிவிப்பாளர் தொடரைப் பலவீனமானது என்றே கூறினர். கல்வியின் சிறப்பைச் சொல்ல ஆதாரமான நபிமொழிகளுக்குப் பஞ்சமில்லை. இருந்தும் இது மட்டும் ஏன் மேடைதோறும் வாழ்கிறது? சபையில் ஒருவரும், "இது எந்த நூலில் உள்ளது?" என்று கேட்பதில்லை, அதுதான் காரணம். தம்மீது வேண்டுமென்றே பொய்யுரைப்பவர் நரகில் தம் இருப்பிடத்தை ஏற்படுத்திக்கொள்ளட்டும் என்ற நபிகளாரின் எச்சரிக்கை சொல்பவருக்கு உரியதுதான். கேட்டதை ஆராயாமல் மறுநாள் பத்துப் பேருக்கு அனுப்பி வைக்கும் கேட்பவருக்கு அதில் கவலையே வேண்டாமா?

இன்னொன்றும் சொல்வோம். கேள்வி கேட்கும் உரிமையைப் பற்றிப் பேசும் எவரும் உடனே எடுத்துக்காட்டுவது, மஹர் தொகைக்கு வரம்பு விதிக்க முனைந்த உமர் (ரழி) அவர்களைப் பள்ளிவாசலில் ஒரு பெண் மறுத்துப் பேசிய நிகழ்ச்சி. அதன் அறிவிப்பாளர் தொடர் குறித்து ஹதீஸ் கலை அறிஞர்களிடையே விமர்சனம் உண்டு. ஆதலால் நம் வாதத்திற்கு எவ்வளவு இனிமையாக இருப்பினும் அதை நாம் ஆதாரமாக வைக்கவில்லை. துல்யதைனும் அன்னை ஆயிஷாவும் நமக்குப் போதும்.

மறுப்போரின் வாதங்கள்

"வெளிப்படுத்தப்பட்டால் உங்களுக்கு வருத்தம் தரும் விஷயங்களைக் கேட்க வேண்டாம் என்று அல்லாஹ் தடுத்துள்ளானே" என்பார்கள். அந்த வசனத்தை (5:101) முழுமையாக ஓதினால், குர்ஆன் இறங்கிக்கொண்டிருந்த காலத்தைப் பற்றிய குறிப்பு அதிலேயே இருப்பதைக் காணலாம். தேவையற்ற வினாக்களால் சட்டம் கடுமையாகிவிடக் கூடாது என்ற கருணை அது. அறியாதவர்கள் அறிந்தோரிடம் கேட்க வேண்டும் என்ற கட்டளையும் அதே குர்ஆனில்தான் இருக்கிறது (16:43). வீண் வினாவுக்குரிய தடையை எடுத்துத் தேவையான வினாவின் வாயை அடைப்பது முறையன்று.

"குத்பாவின்போது பேசுவதே குற்றமாயிற்றே" என்பார்கள். உண்மை. அருகிலிருப்பவரிடம் 'பேசாதே' என்று சொல்வதும் வீண் பேச்சு என்று நபிமொழி உள்ளது. குத்பாவின் நடுவே எழுந்து நிற்குமாறு எவரையும் நாம் தூண்டவில்லை. ஆனால் தொழுகை முடிந்த பின்பும் அந்த மௌனம் தொடர வேண்டும் என்று எந்த நூல் கூறுகிறது?

"அரைகுறையாகப் படித்த இளைஞர்கள் ஆலிம்களை மடக்கவே கேட்கிறார்கள்; ஊரில் குழப்பம் வரும்" என்பார்கள். இக்கவலையில் நியாயம் உண்டு. கைப்பேசியில் ஒரு வரியைக் காட்டி, இருபது ஆண்டு ஓதிய ஆலிமை அவமதிப்பது அறிவன்று, அது அகந்தை. ஆனால் அந்த இளைஞன் ஏன் கைப்பேசியிடம் போனான்? பன்னிரண்டு வயதில் மக்தபில் அவன் கேட்ட கேள்விக்கு, "ஹழ்ரத்திடம் எதிர்த்துப் பேசாதே" என்ற அதட்டல்தானே விடையாகக் கிடைத்தது? வாசலை அடைத்து வைத்த வீட்டில் கேள்வி சன்னல் வழியே கல்லாக வந்து விழும். குழப்பத்தைத் தடுக்கும் வழி, வாசலைத் திறந்து வைத்து, உள்ளே வரும் ஒழுக்கத்தைக் கற்பிப்பதே.

"ஆலிம்களின் கண்ணியம் குறையும்" என்பார்கள். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கண்ணியம் அவர்களுடைய மாணவர்களால் குறைந்ததா? அபூயூசுஃப் (ரஹ்), முஹம்மத் (ரஹ்) ஆகிய இருவரும் எத்தனையோ மஸ்அலாக்களில் தம் ஆசிரியருக்கு மாறான கருத்துக் கூறினர். விளைச்சலில் ஒரு பங்கு என்று பேசி நிலத்தை வாரத்துக்கு விடுவதை இமாமவர்கள் கூடாது என்றார்கள்; மாணவர் இருவரும் கூடும் என்றார்கள். ஹனஃபி மத்ஹபில் ஃபத்வா மாணவர்களின் கூற்றின்படியே அமைந்தது. வாரச் சாகுபடி செய்யும் ஹனஃபி விவசாயி இன்றும் அந்த மாறுபட்ட கருத்தின் நிழலில்தான் நிற்கிறார். அதற்காக எவரும் அபூஹனீஃபாவை மதிக்காமல் விட்டதில்லை. அத்தகைய மாணவர்களை உருவாக்கினார்கள் என்றே மதிக்கிறோம்.

மதரஸாவில் பாடம் நடத்தும் நாம் நாள்தோறும் காணும் உண்மையும் இதுவே. மாணவர்கள் முதல்நாளே முதாலஆ செய்து வரும் வகுப்பிற்கு ஆசிரியர் சும்மா போக முடியாது. பாடம் முடிந்து தக்ராரில் அவர்கள் ஒருவரோடொருவர் வாதிட்டுக் கிளப்பும் ஐயம், மறுநாள் விரிவுரை நூல்களை மீண்டும் புரட்ட வைக்கும். கேள்வியில்லாத வகுப்பில் ஆசிரியருக்குப் பழைய குறிப்பேடே போதும். மிம்பருக்கும் இதே விதிதான். கேட்கும் ஜமாஅத் உள்ள ஊரில் இமாம் வியாழன் இரவு கிதாபைத் திறப்பார். கேட்காத ஜமாஅத் உள்ள ஊரில் சென்ற ஆண்டு பயானே மீண்டும் வரும்.

புகழ்ச்சியும் ஒரு தீங்கே

ஒருவரை முகத்துக்கு நேரே மிகைப்படப் புகழ்ந்தவரிடம், உன் தோழரின் கழுத்தை வெட்டிவிட்டாய் என்னும் பொருள்பட நபியவர்கள் கண்டித்தார்கள். நம் "அருமையான பயான்" அந்த வகையில் சேருமா என்று ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். எது அருமை? எந்தச் செய்தி உங்கள் வாழ்வைத் தொட்டது? அதைச் சொன்னால் இமாமுக்குப் பயன் உண்டு. "ஹழ்ரத், சென்ற வாரப் பயானுக்குப் பின் என் தங்கையின் பங்கை எழுதிக் கொடுத்துவிட்டேன்" என்று ஒருவர் வந்து சொல்வது நூறு மாஷா அல்லாஹ்வை விட மேலான மறுமொழி.

இதில் இமாமின் வாழ்வாதாரமும் அடங்கியிருக்கிறது. வரதட்சணையைக் கண்டித்துப் பேச எண்ணும் இமாமின் முன்வரிசையில், மகனுக்கு வரதட்சணை வாங்கிய நிர்வாகி அமர்ந்திருக்கிறார். பேசினால் அடுத்த மாதச் சம்பளம் கேள்விக்குறி. பேசிய பின் அவரை நிர்வாகி அழைத்துக் கடிந்துகொள்ளும்போது, "நாங்கள் கேட்க விரும்பியதைத்தான் அவர் சொன்னார்" என்று பத்துப் பேர் உடன் நின்றால் அவர் அடுத்த வாரமும் உண்மை பேசுவார். எவரும் வாய் திறக்காவிட்டால் அடுத்த வாரப் பயான் மிஸ்வாக்கின் சிறப்பைப் பற்றியதாக இருக்கும். மிஸ்வாக் சிறந்த சுன்னத்தே; ஆனால் அன்று அவர் அதைத் தேர்ந்தெடுத்தது நம் மௌனத்தின் விளைவு.

செய்ய வேண்டியவை

ஒன்று: ஜும்ஆ தொழுகைக்குப் பின், சுன்னத்தையும் முடித்துவிட்டு, விரும்புவோர் பதினைந்து நிமிடம் இமாமைச் சுற்றி அமரும் வழக்கத்தை ஒவ்வொரு மஹல்லாவும் தொடங்கட்டும். முதல் வாரம் மூவர் வருவார்கள். அது போதும்.

இரண்டு: பெண்களுக்காகப் பூட்டிய ஒரு கேள்விப் பெட்டியை வைக்கலாம். பெயர் எழுத வேண்டியதில்லை. விடைகளை அடுத்த ஜும்ஆவில் வாசிக்கலாம். வாய்ப்புள்ள ஊர்களில் ஆலிமாக்களைக் கொண்டு பெண்களுக்கெனத் தனி அமர்வு நடத்தலாம்.

மூன்று: பொதுவான ஐயத்தைச் சபையில் கேட்போம், தனிப்பட்ட குறையைத் தனிமையில் சொல்வோம். முதலில் ஸலாம், பிறகு, "நான் இப்படி விளங்கிக்கொண்டேன், சரியா?" என்ற தொடக்கம். துல்யதைன் (ரழி) காட்டிய முறை இதுவே. விடை கிடைத்த பின் வெற்றி தோல்வி பேசக் கூடாது.

நான்கு: "எனக்குத் தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்" என்று கூறும் இமாமை ஜமாஅத் மதிக்கக் கற்க வேண்டும். இமாம் மாலிக் (ரஹ்) தம்மிடம் கேட்கப்பட்ட பல கேள்விகளுக்குத் தெரியாது என்றே விடையளித்தார்கள். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லும் துணிவை நம் ஏளனமே ஆலிம்களுக்கு ஊட்டுகிறது.

ஐந்து: பெற்றோரே! ஜும்ஆ முடிந்து வீடு திரும்பும் மகனிடம், "இன்று ஹழ்ரத் என்ன சொன்னார்? உனக்கு எது புரியவில்லை?" என்று கேளுங்கள். மகளிடமும் கேளுங்கள். புரியாததை மறுநாள் மக்தபில் கேட்கச் சொல்லி அனுப்புங்கள். அவர்கள் கேட்டதற்காக அதட்டப்பட்டால் நீங்களே நேரில் சென்று பணிவோடு பேசுங்கள்.

மார்க்கம் என்பதே நலம் நாடுதல் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னபோது, "யாருக்கு?" என்று தோழர்கள் கேட்டார்கள். அல்லாஹ்வுக்கும், அவன் வேதத்திற்கும், அவன் தூதருக்கும், முஸ்லிம்களின் தலைவர்களுக்கும், பொதுமக்களுக்கும் என்ற விரிவான விடை அந்தக் கேள்விக்குப் பிறகுதான் வந்தது. நம்மை வழிநடத்துவோருக்கு நாம் செய்ய வேண்டிய கடமை அந்த விடையிலேயே இருக்கிறது. அதை நாம் அறிந்திருப்பது, அன்று சபையில் இருந்தவர்கள் வாய்மூடி எழுந்து செல்லாததால்தான்.

அறியாததைக் கேட்கும் துணிவையும், கேட்கப்படும்போது பொறுமையையும், உண்மை எவர் நாவிலிருந்து வந்தாலும் ஏற்கும் பணிவையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.